கொடிக்குக் கீழே நின்று கேட்டது

கொடி பறக்கவில்லை. அன்று காலை எங்கள் எல்லோருக்கும் இருந்த ஒரே தேசியப் பிரச்சினை அதுதான்.

வளைகுடா நாடு ஒன்றில், பாலைவனத்தை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பில், சாப்பாட்டுக் கூடத்துக்குள் கொடிக்கம்பம் நட்டிருந்தோம். திறந்த வெளியில் இன்னொரு நாட்டுக் கொடியை நம் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. அதற்கு அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு மனுப் போட இன்னோர் அனுமதி வேண்டும். அதனால் கூடத்துக்குள். பந்தல் போடும் இரும்புக் குழாய் ஒன்றைப் பெயிண்டு டப்பாவில் நிறுத்தி, சிமென்ட் கலவை ஊற்றி, டப்பாவைச் சுற்றி வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தோம். தாளுக்கு உள்ளிருந்து பெயிண்டின் நிறமும் விலையும் மங்கலாகத் தெரிந்தன.

கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்து ஏ.சி. ஓடும் கூடத்தில் காற்றுக்கு எங்கே போவது? ஒத்திகையில் கயிற்றை இழுத்ததும் கொடி மேலே போய் அசையாமல் நின்றுவிட்டது. தலைவர் அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார், அது பறக்காமல் இருப்பதற்கு நாங்கள்தான் காரணம் என்பது போல.

சமையல்கட்டிலிருந்து ஒரு ஸ்டாண்டு விசிறி வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நான் கையைத் தூக்கினேன். என்னைத் தெரிந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதற்கும் கை தூக்குகிற ஆள் இல்லை நான். ஆனால் விசிறி இருந்தது மேடைக்குப் பக்கவாட்டில், திரைக்குப் பின்னால். விழாவிலும் இருக்கலாம், யார் கண்ணிலும் படாமலும் இருக்கலாம். எனக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

அந்த விசிறிக்கு ஒரு வியாதி. தலையை ஆட்டாமல் அதற்கு நிற்கத் தெரியாது. இந்தப் பக்கம் திரும்பினால் கொடி விறைப்பாகப் பறக்கும். அந்தப் பக்கம் திரும்பியதும் படுத்துவிடும். ஆகவே விசிறியின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பது என் பணி ஆயிற்று. விழாப் படங்களைப் பிற்பாடு பார்த்தேன். கொடி கம்பீரமாகப் பறக்கிறது. திரைக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பு தெரிகிறது. அது நான்.

வெள்ளிக்கிழமைத் தலைவர்

தலைவர் என்று நான் சொல்வது எங்கள் நிறுவனத்தின் மேலாளரை. தமிழர்தான். நாட்டின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ அவர் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். இந்த வார இதழும் அங்கே போகிறது.

வாரத்தில் ஆறு நாள் அவர் எங்களுக்கு 'சார்'. வெள்ளிக்கிழமை விடுமுறையில் தமிழ்ச் சங்கம் கூடும்போது மட்டும் 'தலைவர்'. அன்று சட்டை மாறும். குரலும் மாறும். வியாழக்கிழமை 'யோவ்' என்று கூப்பிட்ட அதே வாய், வெள்ளிக்கிழமை 'என் சொந்தங்களே' என்று கூப்பிடும். சனிக்கிழமை காலையில் மறுபடியும் 'யோவ்'.

சங்கத்துக்கு எல்லாப் பண்டிகையும் வெள்ளிக்கிழமைதான். பொங்கலும் அன்றுதான், தீபாவளியும் அன்றுதான். எங்களுக்குச் சுதந்திரம் பதினேழாம் தேதி கிடைத்ததுண்டு, பத்தொன்பதாம் தேதி கிடைத்ததும் உண்டு. அந்த வருடம் பதினைந்தாம் தேதியே வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தது. தலைவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. காலண்டரில் சொல்லி ஏற்பாடு செய்தவர் போல நடந்துகொண்டார்.

அவருடைய அறையில் சாம்பல் நிறத்தில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. எங்கள் பாஸ்போர்ட்டுகள் அதில் இருந்தன. வந்து இறங்கிய அன்றே வாங்கி உள்ளே வைத்துவிடுவார். "பத்திரமா இருக்கட்டும்யா" என்பார். பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர்கள் பட்ட பாட்டைக் கதை கதையாகச் சொல்வார். கேட்டால், பெற்றவர்களுக்குக்கூட நம்மேல் இவ்வளவு அக்கறை இருந்ததில்லையே என்று தோன்றும். சாவி அவர் இடுப்பில் தொங்கும். வெள்ளிக்கிழமை ஜிப்பாவுக்கு உள்ளேயும் அது தொங்கியது.

எனக்கு அந்த ஆவணியில் ஊருக்குப் போயாக வேண்டும். மகள் பிரியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் சிலமலை. போடியில் மண்டபம் பேசி முடித்தாகிவிட்டது. தகப்பன் நான் மட்டும் பாக்கி.

பல மாதமாக லீவு கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தேன் என்றால், அவருடைய அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே கூப்பிட்டு 'என்னய்யா' என்பார். 'டீசல் ஃபில்டர் மாத்தணும் சார்' என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். அந்தக் கோடையில் என் பஸ்ஸுக்கு நடந்த பராமரிப்பு வேறு எந்த வண்டிக்கும் நடந்ததில்லை. கடைசியில் என் அறைத்தோழன் சசி எனக்காகப் போய்க் கேட்டான். 'சீசன் டைம், பாக்கலாம்' என்று பதில் வந்தது. மணலில் என்ன சீசன் என்று எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை.

வளைவில்லாத ரோடு

இங்கே சசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன் என் ஜீப்பைப் பற்றி.

பத்தாவது முடித்ததும் ஸ்டியரிங் பிடித்தவன் நான். போடியில் விடிகாலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு, முந்தல் தாண்டி, மலை ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இருக்கும் ஏலத் தோட்டங்களில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்ப ஏற்றி வர வேண்டும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். கடைசியாக ஏறுகிறவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று அவருக்கே தெரியாது.

மலைப் பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஹாரன் அடிக்க வேண்டும். எனக்கு அதற்கும் கூச்சம். எதிரே வருகிறவர் என்ன நினைப்பாரோ என்று மெதுவாக அமுக்குவேன், சத்தமே வராது. ஒரு நாள் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பெண் கையை நீட்டித் தானே ஹாரனை அமுக்கினாள். மேலே போய்ச் சேருகிறவரை எல்லா வளைவிலும் அவள்தான் அமுக்கினாள். அவள்தான் ஈசுவரி. அடுத்த வருடம் அவளையே கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் இன்றுவரை அந்த ஏற்பாடுதான்.

வெளிநாட்டிலும் எனக்கு அதே வேலை. குடியிருப்பில் ஆட்களை ஏற்றி, வேலைத்தளத்தில் இறக்க வேண்டும். ஜீப்புக்குப் பதில் பஸ். ரோடு மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடக்கும். வளைவே கிடையாது. வந்த புதிதில் எப்போது திருப்புவது என்று கை பரபரக்கும். பிறகு தூக்கம் வரும். தூக்கம் வராமலிருக்க நான் மனதுக்குள் மலை ஏறுவேன். இந்த விளக்குக் கம்பம் வந்தால் முதல் வளைவு, அந்தப் பெட்ரோல் பங்க் வந்தால் மெட்டு.

சசி இன்னொரு பஸ்ஸின் டிரைவர். பூப்பாறைக்காரன். போடிமெட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் அவன் ஊர். ஊரில் இருந்தவரை எங்களுக்கு அவர்களும் அவர்களுக்கு நாங்களும் வேற்று நாட்டுக்காரர்கள். விமானம் ஏறிக் கடல் தாண்டிப் போன பிறகுதான் இருவரும் ஒரே மலையின் இரண்டு பக்கம் என்று தெரிந்தது. மேல் கட்டில் அவன், கீழ்க் கட்டில் நான். அணைத் தண்ணீர் விவகாரம் செய்தியில் வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் டி.வி.யை அணைக்க எழுந்திருப்போம்.

சசி பூப்பாறையில் வீடு கட்டி முடித்திருந்தான். அஸ்திவாரத்திலிருந்து பெயிண்டு வரை எல்லாவற்றையும் போனில்தான் பார்த்தான். இந்த வேலைக்கு வந்த பிறகு அவன் ஊருக்கே போனதில்லை. ஓணத்துக்குப் போய்ப் பால் காய்ச்சிக் குடியேற வேண்டும் என்று அவனும் லீவு கேட்டிருந்தான். அவனுக்கு லீவு எழுதிக் கொடுத்தும் ஆகியிருந்தது.

எட்டு மணிக்கு மேகம்

அந்த வருட விழாவுக்கு ஒரு புதுமை வேண்டும் என்று தலைவர் விரும்பினார். 'தாய்மண்ணிலிருந்து நேரலை' என்று பெயர் வைத்தார். எங்களில் மூன்று பேருடைய வீட்டார் ஊரிலிருந்து போனில் வருவார்கள், கூடத்தில் பெரிய திரையில் தெரிவார்கள். காவிரிக் கரையில் ஒரு வயல், கன்னியாகுமரிப் பக்கம் ஒரு கடற்கரை, மலைக்கு நாங்கள். என் செல்போன் முகப்பில் இருந்த தோட்டத்துப் படத்தை அவர் எப்போதோ பார்த்துவிட்டார்.

"உன் சம்சாரம் அங்கதானய்யா வேலை பாக்குது? பின்னாடி மலை, மேகம். பக்கத்துல கொடி. கையில ஏலக்காக் கூடை. 'தாய்நாட்டுக்கு வணக்கம்'னு ஒரு வரி. நல்லா அமைஞ்சுதுன்னா உன் லீவைப் பத்தி யோசிப்போம்."

நான் தலையை ஆட்டினேன். அவர் ஒரு சந்தேகம் கேட்டார். நம் எட்டு மணிக்கு, அதாவது அங்கே ஒன்பதரைக்கு, மேகம் இருக்குமா? இல்லையென்றால் ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா?

ஈசுவரியிடம் சொன்னேன்.

"முருகேசன் ஜீப்பே சொன்ன நேரத்துக்கு வர மாட்டேங்குது, மேகம் வருமாக்கும்?" என்றாள். முருகேசன் என் பழைய ஜீப்பை இப்போது ஓட்டுகிறவன்.

பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வரச் சொல்கிறார் என்றேன். ஏலச்செடிக்குள் காய் எடுக்கப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை மாட்டி, இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் படங்கு கட்டி, முழங்கால் வரை பூட்ஸ் போட்டிருப்பார்கள். ஈரமும் அட்டைப்பூச்சிக் கடியும் அப்படி.

"அட்டைக்குப் பட்டு, நூலு எல்லாம் ஒண்ணுதான்னு உங்க சாருகிட்டச் சொல்லுங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "லீவு குடுப்பாராமா?" என்று கேட்டாள்.

"யோசிக்கிறேங்கிறாரு."

"பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. சம்பந்தகாரவுக நேத்துக்கூடக் கேட்டாக, மாமா எப்ப வர்றாருன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

நான் மேகத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசிவிட்டுப் போனை வைத்தேன்.

ஒண்ணு கேக்கணும்

விழா தொடங்கியது. நான் விசிறியின் கழுத்தைப் பிடித்தேன். கொடி ஏறியது, பறந்தது. தலைவர் பேசினார். சுதந்திரம் என்றால் நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போகிற உரிமை என்றார். பறவையைப் பாருங்கள் என்றார். அந்தச் சுதந்திரத்தை உயிராகக் காக்க வேண்டும் என்று சொல்லும்போது அவர் கை தானாக இடுப்புப் பக்கம் போய்ச் சாவியைத் தொட்டுக்கொண்டது. வழக்கமாகச் செய்வதுதான், அவருக்கே தெரியாது.

முன் வரிசையில் சிறப்பு விருந்தினர். தூதரகத்திலிருந்து வந்த இளம் அதிகாரி. தமிழ் நன்றாகத் தெரிந்தவர். அன்று அவருக்கு அது எத்தனையாவது கொடியோ, கொட்டாவியை மிக நாகரிகமாக அடக்கிக்கொண்டிருந்தார்.

முதலில் காவிரிக் கரை வந்தது. ஒரு பெரியவர் தாளைப் பார்த்து வணக்கத்தை வாசித்தார். கைதட்டல். அடுத்து நாங்கள்.

திரையில் முதலில் முருகேசனின் கட்டைவிரல் வந்தது. பிறகு வானம். பிறகுதான் ஆட்கள். மேகம் ஒரு பொட்டுக்கூட இல்லை. பளீரென்று வெயில். தலைவரின் முகம் சுருங்கியது.

தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தை ஸ்டோர் என்பார்கள். அதன் முற்றத்தில் மூங்கில் கம்பத்தில் கொடி. அங்கே அதற்கு விசிறி தேவைப்படவில்லை. கம்பமே வளையும்படி படபடத்தது. கீழே பெண்கள், படங்கும் பூட்ஸுமாக. நடுவில் ஒரு நாற்காலியில் தாம்பாளம் நிறைய லட்டு. யாரும் தொடவில்லை. முன்னால் ஈசுவரி. பட்டுச்சேலை கட்டியிருந்தாள், சட்டைக்கும் படங்குக்கும் உள்ளே. கழுத்தோரம் ஒரு விரற்கடை சரிகை தெரிந்தது.

"தாய்நாட்டுக்கு வணக்கம்" என்றாள். கூடம் கைதட்டியது.

"நன்றி தாயே" என்றார் தலைவர் மைக்கில். "வேற எதாவது சொல்ல விரும்புறீங்களா?" அது ஒரு மரியாதைக்குக் கேட்டது. எல்லாரும் 'ஒண்ணுமில்லை' என்பார்கள்.

"ஒண்ணு கேக்கணும் மொதலாளி" என்றாள் ஈசுவரி.

என் பிடி நழுவியது. விசிறி திரும்பிவிட்டது. கொடி படுத்தது.

ஈசுவரி வேலை பார்க்கும் தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஆகஸ்ட் பதினைந்து அன்று ஸ்டோர் முற்றத்தில் கொடி ஏறியதும் யாரும் உடனே இனிப்பை எடுக்க மாட்டார்கள். யாருக்காவது முதலாளியிடம் கேட்க வேண்டியது இருந்தால் அப்போதுதான் கேட்பார்கள். கம்பளி, ஒழுகுகிற கூரை, மகனுக்கு வேலை, எதுவானாலும். கொடிக்குக் கீழே நின்று கேட்டதை முதலாளி இல்லை என்று சொல்லக்கூடாது. முதலாளி வாயால் 'ஆகட்டும்' என்று வர வேண்டும். வந்த பிறகுதான் லட்டு. அந்த ஒரு வார்த்தைக்காக மழையில் மத்தியானம் வரை நின்ற வருடமும் உண்டு என்பார்கள். மற்ற நாட்களில் முதலாளியைப் பார்ப்பதே அரிது என்பதால், கேட்பதற்கென்று அந்த ஒரு காலையை வைத்திருந்தார்கள்.

அந்த வருடம் முதலாளி மூட்டு வைத்தியத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தார். கொடி இருந்தது, லட்டு இருந்தது, 'ஆகட்டும்' என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அந்த நேரத்தில் முருகேசனின் கையிலிருந்த போனில், ஜிப்பா போட்ட ஒருவர் மைக்கோடு வந்து நின்று, வேறு எதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கிறார்.

"எங்க வீட்டுக்காரரு உங்ககிட்டத்தான் பஸ்சு ஓட்டுறாரு" என்றாள் ஈசுவரி. "மகளுக்கு இந்த ஆவணியில கல்யாணம். அவரு பாஸ்போட்டு உங்க பீரோவுக்குள்ள இருக்காம். அதை எடுத்து அவரு கையில குடுத்து அனுப்பி வைங்க மொதலாளி. கொடிக்குக் கீழ நின்னு கேக்குறேன்."

"ஆமா மொதலாளி" என்றார்கள் பின்னால் நின்ற பெண்கள்.

சிறப்பு விருந்தினரின் கொட்டாவி பாதியில் நின்றது. அவர் தலைவர் பக்கம் சாய்ந்து மெதுவாக ஏதோ கேட்டார். தலைவர், "பாதுகாப்புக்காக சார், அவங்க நல்லதுக்குத்தான்" என்றார். மைக்கைக் கீழே இறக்க மறந்துவிட்டதால் அது எல்லோருக்கும் கேட்டது.

"பாக்குறேம்மா, கண்டிப்பா பாக்குறேன்" என்றார் திரையைப் பார்த்து.

பின்னாலிருந்து ஒரு கிழவியின் குரல் வந்தது. "பாக்குறேன்னுதானே சொல்லுறாரு? நம்ம மொதலாளியும் மொதல்ல அப்பிடித்தான் சொல்லுவாரு. நீ நகராம நில்லு ஈசுவரி."

ஈசுவரி நகரவில்லை. யாருமே நகரவில்லை. தாம்பாளத்தில் ஈ மொய்த்தது. ஒருத்தி முந்தானையால் அதை ஓட்டினாளே தவிர, லட்டைத் தொடவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு கூடத்தில் முந்நூறு ஆண்கள் இருந்தோம். இத்தனை பேர் சேர்ந்து எதற்காகவும் இப்படி மௌனமாக இருந்ததை நான் அங்கே பார்த்ததில்லை. தேசிய கீதத்துக்குக்கூட இருமுவார்கள்.

"டிரைவர் எங்கே?" என்றார் தலைவர்.

நான் மேடைத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். சட்டை பட்டனைத் தடவிக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். விருந்தினரைப் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்து, "அனுப்பி வைக்கிறோம் தாயே, அனுப்பி வைக்கிறோம்" என்றார்.

"ஆகட்டும்னு சொல்லுங்க மொதலாளி" என்றாள் ஈசுவரி.

"ஆகட்டும்."

அங்கே அத்தனை கையும் ஒரே நேரத்தில் தாம்பாளத்துக்குள் விழுந்தன.

இங்கே கூரை அதிரக் கைதட்டல். அது அடங்குவதற்குள் திரையில் கடல் வந்துவிட்டது. கன்னியாகுமரிப் பக்கத்து அம்மா ஒருவர் இதையெல்லாம் தன் போனில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கையில் வைத்திருந்த வணக்கத் தாளை மடித்தார். "ஐயா, எங்க மோனுக்க பாஸ்போட்டும் அந்த பீரோவுலதான்..." என்று ஆரம்பித்தார்.

திரை கருப்பானது. தொழில்நுட்பக் கோளாறு என்று தலைவர் அறிவித்தார். அடுத்ததாக, நகரத்திலிருந்து வந்திருந்த சங்கத்துக் குடும்பங்களின் சிறுவர் நடனம் என்றார். சிறுவர்கள் இன்னும் வேஷம் கட்டவே ஆரம்பிக்கவில்லை.

ஜாமீன்

சனிக்கிழமை அவர் மறுபடியும் சார் ஆனார். என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பாஸ்போர்ட்டைக் கொடுப்பதாகத்தான் சொன்னார். ஆனால் நிறுவனத்தில் ஒரு முறை இருக்கிறதாம். போகிறவன் திரும்பி வருவதற்கு, உள்ளே இருக்கிறவன் ஒருவன் ஜாமீன் நிற்க வேண்டும். நான் திரும்பி வந்து பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும்வரை அவன் ஊருக்குப் போக முடியாது. நான் வராவிட்டால் அவனும் போக முடியாது, ஒருபோதும்.

"யாரு நிக்கிறா?" என்று கேட்டார். அந்த முறை நேற்று வரை இருந்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அறைக்கு வந்து யாரிடமும் சொல்லாமல் படுத்துக்கொண்டேன். மேல் கட்டிலிலிருந்து சசியின் வழுக்கைத் தலை கீழே தொங்கியது. யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள்.

"எடோ, நான் நிக்கிறேன்" என்றான்.

"உனக்கு ஓணம்."

"ஓணம் அடுத்த வருஷமும் வரும். உன் மோளுக்கு அடுத்த வருஷமும் கல்யாணம் வைக்குமோ?"

"வீடு?"

"வீட்டுக்குக் காலுண்டோ? அது எங்க போகும்?" என்று தலையை மேலே இழுத்துக்கொண்டான். அவனுக்கு எழுதிக் கொடுத்திருந்த லீவை மறுநாள் காலை சார் ரத்து செய்தார். சுதந்திர தினம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

பூட்டிய வீடு

கல்யாணம் நன்றாக நடந்தது. தோட்டத்துப் பெண்கள் முருகேசனின் ஜீப்பில் வந்து இறங்கி, நேராக முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். சம்பந்திகளுக்கு அது யார் என்று புரியவில்லை. அந்தக் கிழவி என்னைக் காட்டி, "இந்த ஆளை நாங்கதான் கேட்டு வாங்கிட்டு வந்தோம்" என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு விளக்கினாள். இன்னொருத்தி, "அடுத்த வருசம் எதாச்சும் வேணும்னா இப்பவே சொல்லிருங்கண்ணே, வரிசையில நிப்பாட்டணும்" என்றாள். நான் பந்தியைப் பார்க்கப் போவதாகச் சொல்லி நழுவினேன்.

பிரியா தாலி கட்டிக்கொண்டபோது நான் பக்கத்தில் நின்றேன். அதை எழுதத் தெரியவில்லை. நின்றேன் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

மகளை மறுவீடு அனுப்பிய பிறகு, எல்லாரும் எதிர்பார்த்தது நான் திரும்பிப் போகக்கூடாது என்பதைத்தான். என் மைத்துனர் கணக்குப் போட்டே காட்டினார். இங்கேயே ஜீப் ஓட்டலாம். பாஸ்போர்ட்டு கையில் இருக்கிறது. அந்த ஆள் கடல் தாண்டி வந்தா பிடிக்கப்போகிறான்?

எனக்கும் போக மனம் இல்லை. ஈசுவரி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. போகாதீங்க என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். அவள் சொல்வாள் என்றுதான் காத்திருந்தேன்.

தோட்டத்து வேலை முடிந்து வந்த ஒரு சாயங்காலம், படங்கை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இன்னிக்கு முருகேசனைப் பூப்பாறை வரைக்கும் விடச் சொன்னேன். அந்தச் சசி வீட்டைப் பாத்துட்டு வந்தேன்."

நான் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"பச்சைக் கலரு பெயிண்டு. வாசல்ல மாவிலை கட்ட ஆணியெல்லாம் அடிச்சு வெச்சிருக்காக. பூட்டிக் கெடக்கு. அவரு பொண்டாட்டி பக்கத்துல தகரக் கொட்டகையில இருக்கு. புதுசுக்குப் போகலையான்னு கேட்டேன். அவரு வந்துதான் பாலு காய்ச்சணும்னு சொல்லிட்டு எனக்குப் பாலில்லாத கட்டங்காப்பி போட்டுக் குடுத்துச்சு. நான் யாரு பொண்டாட்டின்னு அதுக்குச் சொல்லலை. சொல்ல வாய் வரலை."

அதுவரை ஈசுவரிக்கு வாய் வராமல் போன சமயம் ஒன்று உண்டு என்று எனக்குத் தெரியாது.

"நீங்க கெளம்புங்க" என்றாள். "வெரசாப் போங்க."

ஒரு வார்த்தை

போய் இறங்கிய அன்றே ஒப்படைக்கப் போனேன். சசியும் கூட வந்தான். அலமாரி திறந்தது. சார் என்னிடமிருந்து பாஸ்போர்ட்டை வாங்கி, நான்தானா என்று படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, உள்ளே வைத்தார். திரும்பி வந்துவிட்டேனே என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் போலத் தெரிந்தது.

சசி தன் லீவைப் பற்றிக் கேட்டான். ஓணம்தான் முடிந்துவிட்டதே, இனி என்ன அவசரம் என்றார். பால் காய்ச்ச வேண்டும் என்றான் சசி. அதற்கும் முறை என்று ஒன்று இருக்கிறது, ஜாமீன் நிற்க ஆள் வேண்டும், இந்தச் சமயத்தில் எவன் நிற்பான் என்று சொல்லிக்கொண்டே அலமாரிக் கதவைச் சாத்தப் போனார்.

"நான் நிக்கிறேன் சார்" என்றேன்.

அந்த அறையில் யாரும் கேட்காமல் நானாகப் பேசிய முதல் வார்த்தை அது. சத்தம் சற்று அதிகமாகவே வந்துவிட்டது. வெளியே டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். சார் என்னையே பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. குனிய வேண்டும் என்று தோன்றியதுதான், ஆனால் குனிந்தால் அவர் கதவைச் சாத்திவிடுவார் என்று பயமாக இருந்தது.

அவர் சாவியைத் திருப்பாமல் கதவை மறுபடி திறந்தார்.

சசியை விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அவன் பாஸ்போர்ட்டைத் திறந்து தன் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். அதைக் கொடுத்த நாளிலிருந்து அவன் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. நிறுத்தத்தில் வண்டி நின்றதும் என் பக்கம் நீட்டினான்.

"எடோ, அப்ப எனக்குத் தலையில எத்ர முடின்னு பாரு."

வாங்கிப் பார்த்தேன். நிறைய இருந்தது.